‘பேசினார்கள்’ அன்று, ‘பேசுகிறார்கள்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ‘மறைந்த மொழிகள்’ என்னும் தலைப்பில் வெளிவந்த பக்கத்தைப் படித்தேன். அதன் வலப்புறத்துப் பெட்டிச் செய்தி, ‘அல்கோன்கின் என்பது செவ்விந்தியர்கள் பேசிய ஒரு வட்டாரப் பேச்சு, அதற்கு எழுத்தோ இலக்கணமோ இருந்ததில்லை, வெள்ளையர் வந்தபின் அது வழக்கொழிந்தது’ என்று மூன்றே வரிகளில் கதையை முடித்திருந்தது. நான் 34 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்றவன். மாணவர் ஒருவர் இப்படி எழுதித் தந்திருந்தால், செய்தியில் உள்ள பிழைகளுக்குப் போகும் முன்பே வினைச்சொற்களைச் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். பேசிய, இருந்ததில்லை, வழக்கொழிந்தது என எல்லாமே நடந்து முடிந்த கதையாக இருக்கின்றன. அந்தக் காலம் தவறு என்பதே இக்கடிதத்தின் பொருள்.

என் மகள் குடும்பம் கனடாவில் டொரண்டோவை அடுத்த மிசிசாகா நகரில் வசிக்கிறது. அங்கே ஏழு மாதங்கள் தங்கியிருந்தபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. அதற்கு முன் எனக்கும் தங்கள் பெட்டிச் செய்தி எழுதியவருக்கும் அறிவில் பெரிய வேறுபாடு இருந்ததாகச் சொல்ல மாட்டேன். ‘மிசிசாகா’ என்னும் ஊர்ப்பெயரே அம்மண்ணின் முதற்குடி மொழிகளுள் ஒன்றான ஒஜிப்வேயினது; பெரிய ஆற்றுமுகம் என்பது பொருள். அந்நிலத்துக்குரிய மிசிசாகா மக்கள் இன்றும் அதே ஒன்டாரியோ மாநிலத்தில் வாழ்கிறார்கள். டொரண்டோ நகரம் எழுந்த நிலத்தை 1787இலும் 1805இலும் ஆங்கிலேய அரசு ‘வாங்கியது’ முறையாக நடக்கவில்லை என்று அவர்கள் தொடுத்த கோரிக்கை, 2010இல் கனடா அரசு 14 கோடியே 50 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டதில் முடிந்தது. மறைந்துபோன மக்களுக்கு யாரும் இழப்பீடு கொடுப்பதில்லை.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அல்கோன்கின் என்பது கியூபெக், ஒன்டாரியோ மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஒட்டாவா ஆற்றங்கரையில் வாழும் ஒரு மக்களின் பெயர். அவர்களுடைய பேச்சு ஒஜிப்வேக்கு மிக நெருக்கமானது. அல்கோன்கியன் என்பதோ அந்தப் பெயரிலிருந்து அறிஞர்கள் உருவாக்கிய குடும்பப் பெயர். அதனுள் ஏறத்தாழ முப்பது மொழிகள் அடங்கும். கோண்டி, பிராகுயி, துளு, தோடா எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘திராவிடம் என்னும் வட்டாரப் பேச்சு’ என்று வடநாட்டு ஏடு ஒன்று எழுதினால் தாங்களும் நானும் எவ்வளவு கொதிப்போமோ, அந்த அளவுப் பிழை இது.

இக்குடும்பத்தின் பரப்பைச் சொன்னால் பிழையின் அளவு விளங்கும். கிழக்கே அட்லாண்டிக் கரையில் நோவா ஸ்கோஷியாவின் மிக்மாக் மொழி. அதை அடுத்து மெய்ன், நியூ பிரன்ஸ்விக் பகுதிகளில் மாலிசீட்–பசமக்வாடி. லாப்ரடாரிலிருந்து மேற்கே ராக்கி மலையடிவாரம்வரை கிளைகிளையாகப் பரந்திருக்கும் கிரீ, இன்னு, நஸ்காபி, அட்டிக்கமெக். ஐம்பேரேரிகளைச் சுற்றி ஒஜிப்வே. ஆல்பர்ட்டாவிலும் மொன்டானாவிலும் பிளாக்ஃபுட். அதற்கும் தெற்கே செயென், அரப்பாஹோ. ஓக்லஹோமாவிலும் மெக்சிகோவின் கொவாவீலா மாநிலத்திலும் கிக்காப்பூ. இவற்றுக்குத் தூரத்து உறவான யூரோக், வியோட் என்னும் இரு மொழிகள் பசிபிக் கரையில், கலிபோர்னியாவில் இருக்கின்றன. அவ்வுறவை 1913இல் எட்வர்ட் சபீர் என்னும் மொழியியலாளர் எடுத்துரைத்தபோது பலர் ஏற்கவில்லை; பல பத்தாண்டு வழக்காடலுக்குப் பிறகே அது நிலைபெற்றது. இடையில் ஒரு சிறு எச்சரிக்கை: மேலே சொன்ன இன்னு மக்கள் வேறு, வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் வேறு, பின்னவர் மொழி இக்குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. இந்தக் குழப்பத்தைப் பெரிய ஆங்கில ஏடுகளே செய்கின்றன என்பதால் இதற்காகத் தங்களைக் குறைசொல்லேன்.

இவை ‘பேச்சு’ அல்ல, ஒழுங்கான ஒலிமாற்றங்களால் பிணைக்கப்பட்ட மொழிகள் என்பதற்கு ஒரு சொல் போதும். கிரீ மக்கள் ‘நான்’ என்பதைச் சமவெளியில் ‘நீய’ என்பார்கள். சதுப்புநிலக் கிரீயில் அது ‘நீன’. காட்டுக் கிரீயில் நாவைப் பல்லிடுக்கில் வைத்து ஒலிக்கும் தகரத்தோடு ‘நீத’. மூஸ் ஆற்றுப் பக்கம் ‘நீல’. கியூபெக்கின் அட்டிக்கமெக் மக்களிடம் ‘நீர்’. பழைய லகரம் ஒன்று ஊருக்கு ஊர் ய, ன, த, ல, ர என நிறம் மாறியிருக்கிறது. இந்தச் சொல்லில் மட்டுமன்று, அந்த லகரம் வந்த சொற்கள் பலவற்றிலும் இதே வாய்ப்பாடு. நம் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆனதையும், நம் ‘பல்’ அங்கே ‘ஹல்லு’ ஆனதையும் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

இவ்வொழுங்கை நிறுவியவர் அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் புளூம்ஃபீல்ட். எழுத்தில்லாத மக்களின் மொழிகளில் ஒலிமாற்றம் ஒழுங்குக்கு உட்படாது என்று ஐரோப்பிய அறிஞர் சிலர் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், 1925இல் அவர் நான்கு அல்கோன்கியன் மொழிகளை ஒப்பிட்டு, மூலமொழியின் ஒலிகளைக் கணக்குப்போல வருவித்தார். ‘சிவப்பு’ என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லில் மட்டும் மெய்களின் இணை மற்றச் சொற்களோடு ஒத்துவரவில்லை. அதை விதிவிலக்கென்று ஒதுக்காமல், மூலமொழியில் தனியான மெய்ம்மயக்கம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். மூன்றாண்டுகளுக்குள், கனடாவின் மனிட்டோபா பகுதியில் சதுப்புநிலக் கிரீ பேசும் மக்களின் வாயில், மற்ற கிரீயர் ‘ஹ்க்’ என்று ஒலிக்குமிடத்தில் அந்த ஒரு வேர்ச்சொல்லில் மட்டும் ‘ஹ்த்க்’ என்னும் தனி ஒலி உயிரோடிருப்பது தெரியவந்தது. எழுத்தில்லை, இலக்கணமில்லை என்று தங்கள் செய்தி ஒதுக்கிய மக்கள், பேராசிரியர்களே ஊகமாக மட்டும் எழுதிவைத்த ஓர் ஒலியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்திருந்தார்கள். இந்த ஆய்வுமுறை நம் பக்கமும் வந்தது. சபீரிடம் பயின்றவரும், மிக்மாக் மக்களின் நிலமான நோவா ஸ்கோஷியாவில் 1904இல் பிறந்தவருமான மொழியியலாளர் எமனோதான் 1930களில் நீலகிரிக்கு வந்து தோடா, கோத்தர் மொழிகளைப் பதிவு செய்தவர்.

ஒஜிப்வேயில் ‘நீன்’ என்றால் நான், ‘கீன்’ என்றால் நீ. இதைப் படித்ததும் நம் வாசகர் சிலருக்குக் கை துறுதுறுக்கும். குமரிக்கண்டத்திலிருந்து மிசிசிப்பிவரை கோடு போட்டுவிடுவார்கள். அன்புகூர்ந்து வேண்டாம். ஒலி ஒத்திருப்பது தற்செயல். மேலே சொன்னதுபோன்ற வாய்ப்பாடு எதுவும் தமிழுக்கும் இம்மொழிகளுக்கும் இடையே இல்லை. பிற மொழியை மதிப்பதற்கு அது நமக்கு உறவாக இருந்தாக வேண்டியதில்லை.

இலக்கணம் இருந்ததில்லை என்னும் கூற்றுக்கு வருகிறேன். எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது இதுதான். மகள் வீட்டுக்கு அருகிலிருந்த சமுதாயக் கூடமொன்றில் செவ்வாய்தோறும் மாலையில் ஒஜிப்வே வகுப்பு நடந்தது. கட்டணமில்லை என்பதால் போய் உட்கார்ந்தேன். மனிட்டூலின் தீவைச் சேர்ந்த, அறுபது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் ஆசிரியர். முதல் நாள் அவர் மேசைமேல் வைத்தவை ஒரு கூழாங்கல், இரண்டு கிண்ணங்களில் பழங்கள், ஒரு கம்பளிக் கையுறை. ஒஜிப்வேயில் பெயர்ச்சொற்கள் இரண்டு வகை: உயிருள்ளவை, உயிரற்றவை. உயிருள்ளவற்றின் பன்மை ‘அக்’ என்று முடியும், உயிரற்றவற்றின் பன்மை ‘அன்’ என்று முடியும். கல் ‘அசின்’; பன்மையில் ‘அசினீக்’, ஆகவே உயிருள்ளது. கையுறையும் உயிருள்ளது. ஒரு கிண்ணத்திலிருந்த ராஸ்பெரி ‘மிஸ்கொமினக்’, உயிருள்ளது. மறு கிண்ணத்திலிருந்த ஸ்ட்ராபெரியோ ‘ஓதெஇமினன்’, உயிரற்றது. ராஸ்பெரிக்கு உயிர் இருந்தால் ஸ்ட்ராபெரிக்கு ஏன் இல்லை என்று முன்வரிசையிலிருந்த பையன் கேட்டான். அம்மையார் ஒரு ராஸ்பெரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ‘என் பாட்டி அப்படித்தான் சொன்னாள்’ என்றார்.

எனக்கு உடனே என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. உயர்திணை, அஃறிணை என்று நாம் பகுப்பது பகுத்தறிவைக் கொண்டு என்று பாடம் நடத்திவிட்டு, அடுத்த நொடியே ‘குழந்தை அழுகிறது’ என்று எழுதுகிறோம். ஏன் சார் ‘அழுகிறான்’ இல்லை என்று கேட்ட மாணவர்களுக்கு நானும் ஏறக்குறைய அந்தப் பாட்டியின் விடையைத்தான் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பகுப்பு நம்முடையதன்று. மரமும் பனியும் புகையிலையும் மேளமும் கதிரவனும் அவர்களுக்கு உயிருள்ளவை. மோட்டார் காரும் அப்படியே. ஆனால் வினைச்சொல் அப்பகுப்புக்கு அடங்கி நடப்பது நாம் அறிந்த ஒழுக்கம்தான். ‘அவனைப் பார்க்கிறேன்’ என்பதற்கு ‘நிவாபமா’. ‘அதைப் பார்க்கிறேன்’ என்பதற்கு ‘நிவாபந்தான்’. பார்க்கப்படும் பொருளின் வகைக்கேற்ப வினையின் அடியே மாறிவிடுகிறது.

இன்னொன்றைக் கேட்டபோது நான் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டேன். ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு என்னும் வேறுபாடு அவர்களிடமும் இருக்கிறது. ஒஜிப்வேயில் கேட்பவரையும் சேர்த்தால் ‘கீனவிந்த்’, சேர்க்காவிட்டால் ‘நீனவிந்த்’; கிரீயில் முறையே ‘கியானவ்’, ‘நியனான்’. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். வகுப்பிலிருந்த ஆங்கிலேயப் பெண்மணி இதைப் புரிந்துகொள்ள இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். எனக்கு இரண்டு நொடி போதுமானதாக இருந்தது. கிறித்தவரின் ஆண்டவர் செபத்தை நம்மவர் ‘எங்கள் பிதாவே’ என்று மொழிபெயர்த்தார்களே தவிர ‘நம் பிதாவே’ என்று எழுதவில்லை. கேட்பவர் கடவுளே ஆகையால் அவரை அதில் சேர்க்க முடியாது. கிரீ மொழிபெயர்ப்பிலும் அவ்வாறே, கேட்பவரை விலக்கும் வடிவமான ‘நோஹ்தாவீனான்’ என்பதே நிற்கிறது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள், ஆங்கிலத்தால் கேட்கக்கூட முடியாத ஒரு கேள்விக்கு ஒரே விடையைத் தந்திருக்கின்றன.

நம்மிடம் இல்லாத நுட்பமும் அவர்களிடம் உண்டு. தங்கள் நாளிதழின் குற்றச் செய்திகளில் எந்த ‘அவர்’ எந்த ‘அவரை’ வெட்டினார் என்று தெரியாமல் நான் பலமுறை மேலே போய்த் திரும்பப் படித்ததுண்டு. அல்கோன்கியன் மொழிகளில் அந்தத் தொல்லை பெரிதும் குறைவு. ஒரு தொடரில் படர்க்கையர் இருவர் வந்தால், கதையின் நடுவே நிற்பவர் ஒருவர், சற்றுத் தள்ளி நிற்பவர் மற்றவர். தள்ளி நிற்பவரின் பெயர் தனி விகுதி ஏற்கும். ‘இனினி’ என்றால் ஆண், ‘இக்வே’ என்றால் பெண். ‘இனினி ஒவாபமான் இக்வேவன்’ என்றால் ஆண் பெண்ணைப் பார்க்கிறான். ‘இனினி ஒவாபமிகோன் இக்வேவன்’ என்றால் பெண்தான் ஆணைப் பார்க்கிறாள்; ஆனாலும் கதை ஆணைப் பற்றியதாகவே தொடர்கிறது. சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறாது. இதைவிட எனக்குப் பிடித்தது முன்னிலைக்கு அவர்கள் தரும் முதலிடம். ‘நீ என்னைப் பார்க்கிறாய்’ என்பது ‘கிவாபம்’. ‘நான் உன்னைப் பார்க்கிறேன்’ என்பது ‘கிவாபமின்’. பார்ப்பவர் யாராயினும் சொல்லின் முதலில் வருவது ‘நீ’யைக் குறிக்கும் ‘கி’. நீயும் நானும் சந்திக்குமிடத்தில் ‘நான்’ எப்போதும் பின்னால்தான். எங்கள் ஆசிரியர் இதைப் பண்பாட்டின் பெருமையாகச் சொன்னார். இலக்கணக்காரன் என்ற முறையில் அப்படி முடிவு கட்ட எனக்குத் தயக்கம் உண்டு, ஆனாலும் கேட்க இனிமையாக இருந்தது.

எழுத்து இருந்ததில்லை என்பதும் சரியன்று. வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அச்சான முதல் முழு விவிலியம் ஆங்கில விவிலியம் அன்று. 1663இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில், இதே குடும்பத்தைச் சேர்ந்த வாம்பனோக் மக்களின் மொழியில் அச்சானது அது. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறுவதற்கு அரை நூற்றாண்டு முன்னதாக. மொழிபெயர்ப்பு ஜான் எலியட் பாதிரியாரின் பெயரில் வந்தாலும், அச்சுக் கோத்தவர்களுள் ஒருவர் வோவாவுஸ் என்னும் இயற்பெயருடைய நிப்மக் இனத்தவர். தொழிலே பெயராகி, ஜேம்ஸ் பிரின்டர் என்று வரலாற்றில் நிற்கிறார். அடுத்த நூறாண்டுகளில் வாம்பனோக் மக்கள் நிலப் பத்திரங்களையும் உயில்களையும் மனுக்களையும் தம் மொழியிலேயே தம் கையால் எழுதிவைத்தார்கள். பின்னால் சொல்லப்போகும் செய்திக்கு இந்தக் காகிதங்கள் முக்கியமானவை.

வடக்கே கிரீ மக்களுக்குத் தனி எழுத்தே உண்டு. 1840இல் வினிபெக் ஏரியின் வடமுனையிலுள்ள நார்வே ஹவுஸ் என்னுமிடத்தில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மெத்தடிஸ்ட் பாதிரியார் வெளியிட்டது என்று நூல்கள் சொல்லும். மூத்தவர் ஒருவர் இறந்து, ஆவியுலகம் சென்று, மீண்டு வந்தபோது கொண்டுவந்தது என்று கிரீ மரபு சொல்லும். எப்படியாயினும் அதன் அமைப்பு நம் உயிர்மெய்யைக் கற்றவர்களுக்கு விருந்து. மெய்க்கு ஒரு வடிவம். அது திரும்பி நிற்கும் திசையே உயிர். பகரத்துக்கு ஒரு கூரை போன்ற கோணம்: முனை மேலே நோக்கினால் ‘பி’, கீழே நோக்கினால் ‘பெ’, வலப்பக்கம் ‘பொ’, இடப்பக்கம் ‘ப’. கொம்பும் காலும் கொக்கியும் தேவையில்லை; எழுத்தையே திருப்பி வைத்தால் போதும். தேவநாகரியின் அமைப்பும் அன்று புதிதாக வந்த சுருக்கெழுத்தும் இதன் பின்னே இருப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்து ஈயத் தகட்டை உருக்கி அச்செழுத்து வார்த்து, விலங்குகளின் மென்மயிர்த் தோலை அமுக்கும் பொறியையே அச்சுப்பொறியாக்கி, பூர்ச்ச மரப்பட்டையில் முதல் தாள்களை அடித்தார்கள் என்பது வழிவழி வரும் செய்தி. பள்ளிக்கூடம் எதுவும் இல்லாமலே, வேட்டைக்குப் போன இடத்தில் ஒருவருக்கொருவர் கற்பித்து, சில பத்தாண்டுகளில் கிரீ மக்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பின்னர் இனுயிட் மக்களும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் இருந்தும் இம்மொழிகள் தளர்ந்தது ‘வெள்ளையர் வந்தபின் வழக்கொழிந்தது’ என்பதுபோல் தானாக நடந்ததன்று. கனடா அரசு பணம் கொடுக்க, திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1990கள்வரை ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைக்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசியதற்காகப் பிரம்படி உட்பட்ட தண்டனைகள் இருந்தன என்பதை உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலங்களைக் கேட்டு 2015இல் பதிவு செய்திருக்கிறது. 2008இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2019இல் முதற்குடி மொழிகளுக்கான சட்டம் வந்தது. எங்கள் வகுப்பு ஆசிரியர் அத்தகைய பள்ளியொன்றில் எட்டாண்டு இருந்தவர். அதைப் பற்றி அவர் ஒருமுறைதான் பேசினார். வீட்டுக்கு வந்து தம்பியிடம் ஒஜிப்வேயில் பேச வாயெடுத்தபோது தன் கை தானாகவே தலையை மறைத்துக்கொண்டது என்றார். தம் பிள்ளைகளுக்கு மொழியைச் சொல்லித்தரவில்லை என்றும் சொன்னார். இப்போது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்.

நிலைமை நன்றாக இருக்கிறது என்று நான் சாதிக்கவில்லை. கனடாவின் கணக்கெடுப்பில் கிரீ பேசத் தெரிந்தவர்களாகப் பதிவானோர் 2016இல் 96,000க்கு மேல். 2021இல் 86,000 அளவு. அந்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒரு லட்சத்தைத் தாண்டுவர். அதாவது, அந்த மண்ணின் மிகப் பெரிய முதற்குடி மொழியைவிட நேற்றுப் போய்க் குடியேறிய நம் மொழிக்கு அங்கே ஆள் அதிகம். மகள் வீட்டில் இதைச் சொன்னபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மெனாமினி, முன்சி முதலிய மொழிகளைத் தாய்மடியில் கற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்களே. பவ்ஹாட்டன் போன்று பேசுவோரை முற்றிலும் இழந்தவையும் உண்டு. அவற்றுக்குத் தங்கள் இறந்தகாலம் பொருந்தும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கியூபெக்கின் மூன்று அட்டிக்கமெக் ஊர்களில் குழந்தைகள் இன்றும் அம்மொழியிலேயே விளையாடுகிறார்கள். ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியின் கிரீ மக்கள் 1975 உடன்படிக்கையின்வழி தமக்கெனப் பள்ளி வாரியம் பெற்று, தொடக்க வகுப்புகளில் கிரீயில் கற்பிக்கிறார்கள். மிக்மாக் தன் மாநிலத்தின் முதல் மொழி என்று நோவா ஸ்கோஷியா 2022இல் சட்டமே இயற்றியிருக்கிறது.

இறந்தகாலத்திலிருந்து நிகழ்காலத்துக்குத் திரும்பிய மொழிகளும் இக்குடும்பத்தில் இருக்கின்றன. தங்கள் பக்கத்தின் தலைப்புக்கு அவையே நேரடியான மறுப்பு. வாம்பனோக் மொழியைப் பேசுவோர் ஒருவரும் இல்லாமல் நூறாண்டுக்கு மேல் கழிந்த நிலையில், அவ்வினத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் 1993இல் மீட்பு முயற்சியைத் தொடங்கினார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கென்னத் ஹேல் என்னும் மொழியியலாளரிடம் பயின்று, 1663 விவிலியத்தையும் மேலே சொன்ன பத்திரங்களையும் உயில்களையும் உறவுமொழிகளையும் வைத்து இலக்கணத்தையும் சொற்களையும் மீட்டெடுத்தார். தம் மகளை அம்மொழியிலேயே வளர்த்தார். மியாமி மக்களின் கதையும் இத்தகையது. 1846இல் இந்தியானாவிலிருந்து பலர் துரத்தப்பட்டு, கான்சாஸுக்கும் பின்னர் ஓக்லஹோமாவுக்கும் பெயர்ந்த அவர்களுடைய மொழியைப் பேசிய கடைசி முதியவர்கள் 1960களில் மறைந்தார்கள். டேரில் பால்ட்வின் என்பவர், 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சுப் பாதிரிமார் கையால் எழுதிவைத்த அகராதிகள் முதலிய பழைய பதிவுகளின் துணையோடு மொழியைக் கற்று, மனைவியோடு சேர்ந்து வீட்டில் பிள்ளைகளிடம் அதைப் பேசினார். 2001 முதல் ஒஹையோவின் மியாமி பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்வு மையம் இயங்கிவருகிறது. தம் மொழி அழிந்ததாக அவர்கள் சொல்வதில்லை, தூங்கியது என்பார்கள்.

‘செவ்விந்தியர்’ என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலில் வழி தவறியவர்கள் வைத்த பெயரையும், தோலுக்கு வேறு யாரோ பூசிய நிறத்தையும் சேர்த்துத் தைத்த சொல் அது. பள்ளிப் புத்தகத்திலிருந்து நானும் அதைப் பல ஆண்டு கற்பித்தவன்தான். ஒஜிப்வே மக்கள் தம்மை அனிஷினாபே என்கிறார்கள்; சமவெளிக் கிரீயர் நேஹியவ்; மிக்மாக் மக்கள் ல்னு; பிளாக்ஃபுட் மக்கள் நீட்சிதாபி. இப்பெயர்களைத் தமிழில் எழுத நம் எழுத்து தடையாக இல்லை.

கடைசியாக, பெட்டிச் செய்திக்கு மேலே இருந்த படத்தைக் கவனித்தேன். அதிலுள்ள நீண்ட வீடு மோஹாக் மக்களுடையது. அவர்கள் பேசுவது இரோக்குவா என்னும் வேறொரு குடும்பத்து மொழி. வரும் ஞாயிறு இதழில் இடம் இருந்தால், ‘அல்கோன்கியன் என்பது ஏறத்தாழ முப்பது மொழிகளைக் கொண்ட குடும்பம், கனடா, அமெரிக்கா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் அவற்றுள் பலவற்றை மக்கள் இன்றும் பேசுகிறார்கள்’ என்று ஒரு திருத்தம் வெளியிடுமாறும், படத்தின் கீழ்க்குறிப்பையும் மாற்றுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.